இன்னொரு மெஷின் வாங்குவதற்கு முன்னால்

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்னப் பட்டறை. இரண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டர் சொல்படி பீஸைச் சுழற்றிக் கடையும் மெஷின்), ஒரு விஎம்சி (அதேபோல் கம்ப்யூட்டர் சொல்படி துளை போட்டுச் செதுக்கும் மெஷின்), ஒரு பழைய ரேடியல் டிரில், பின்னால் டிபர்ரிங் மேசை (வெட்டிய ஓரத்துப் பிசிறை எடுக்கும் இடம்), ஒரு காற்றுக் கம்ப்ரஸர். வால்வு பாடியும் பம்ப் உதிரிகளும் செய்து கொடுக்கிறோம். வார்ப்பு சிலது கஸ்டமரே அனுப்புவார், சிலதை நாங்கள் பவுண்டரியில் வாங்குவோம். இதையெல்லாம் நடத்தியது என் வீட்டுக்காரர். நான் பி.காம் படித்தவள். ஜிஎஸ்டி, சம்பளம், பேங்க் என்று ஆபீஸ் அறைக்குள்ளேயே என் வேலை முடிந்துவிடும். அவருக்கு முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆகி, மாதக்கணக்கில் பட்டறைப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு சாவி என் கைக்கு வந்தது. அப்போது எனக்கு டிராயிங் படிக்கவே தெரியாது.

நான் பொறுப்பேற்றபோதே டெலிவரி எல்லாம் தாமதம். வாரம் ஒரு தரமாவது கஸ்டமர் பர்ச்சேஸிலிருந்து போன் வரும். முதலில் மரியாதையாகப் பேசினார்கள், அப்புறம் தாமதத்துக்குப் பில்லில் பணம் பிடிக்கும் டெபிட் நோட் போட ஆரம்பித்தார்கள். அவசர ஜாப்களை வெளியே வேறு விஎம்சிக்காரர்களிடம் கொடுத்து வாங்கினேன். எங்களுக்குக் கிடைக்கும் ரேட்டை விட அவர்களுக்குக் கொடுத்த ரேட் அதிகம். பீஸுக்குப் பீஸ் நஷ்டம் என்று தெரிந்தே கொடுத்தேன், ஏனென்றால் கஸ்டமர் கைவிட்டுப் போய்விட்டால் இரண்டு குடும்பமும் பத்துப் பதினைந்து ஆட்களும் என்ன செய்வது என்ற பயம். ஒரு மாதம் சம்பளத்துக்கு வளையலை அடகு வைத்தேன். படுத்திருக்கும் மனிதரிடம் இதையெல்லாம் சொல்ல முடியாது. ராத்திரி கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், ஒரு எண்ணும் கண்ணில் தங்காது.

எல்லோரும் ஒரே வைத்தியம்தான் சொன்னார்கள்: இன்னொரு விஎம்சி போடுங்கள். மெஷின் டீலர் சொன்னார், பேங்க் மேனேஜர் சொன்னார், என் கொழுந்தனாரும் சொன்னார். கொட்டேஷன் 30 லட்சத்துக்கு மேல். கையிலிருந்து போடும் மார்ஜின் போக மீதிக்கு லோன் எடுத்தால் தவணை மாதம் 60,000 ரூபாயைத் தொடும். டீலருக்கு மெஷின் விற்க வேண்டும், பேங்குக்கு லோன் கொடுக்க வேண்டும். அவர்கள் அப்படிச் சொன்னதில் தப்பில்லை. ஆனால் இருக்கிற மெஷின் நிரம்பிவிட்டதா என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது இதே நிலையில் இருந்தால், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தேடுங்கள்.

எங்கள் பட்டறையின் ஷிப்ட் ரிப்போர்ட்டைப் பார்த்தால் விஎம்சி எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எட்டு மணி நேரத்தில் ஏழு, ஏழரை என்று எழுதியிருப்பார்கள். எனக்கு மெஷின் தெரியாது, கணக்கு தெரியும். அதனால் இன்வாய்ஸிலிருந்து பின்னோக்கிப் போனேன். மாதம் முழுக்க நல்ல பீஸாக வெளியே போனவை எத்தனை, ஒவ்வொன்றுக்கும் விஎம்சியில் சைக்கிள் டைம் (ஒரு பீஸ் செய்யப் பிடிக்கும் நேரம்) எவ்வளவு, இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 170 மணி நேரம் வந்தது. சாப்பாடு, டீ நேரம் கழித்து இரண்டு ஷிப்டுக்கும் கையில் இருந்த நேரம் 350 மணி. பாதிகூட வரவில்லை. மெஷின் அறிவு எதுவுமே இல்லாமல், பில் புத்தகத்தையும் சைக்கிள் டைமையும் வைத்து ஒரு மாலை நேரத்தில் போடக்கூடிய கணக்கு இது. சாஃப்ட்வேர், சென்சார் என்று யாராவது விற்க வருவதற்கு முன்னால் இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம்தான் மெஷினே கணக்கு வைத்திருப்பது தெரிந்தது. எங்களுடையது ஃபானுக் கம்பெனியின் கண்ட்ரோலர், அதாவது மெஷினை ஓட்டும் கம்ப்யூட்டர். அதில் செட்டிங் பக்கத்தைத் திறந்து கீழே போனால் பவர் ஆன் ஆகியிருந்த நேரம், புரோகிராம் ஓடிய நேரம், டூல் உண்மையில் வெட்டிய நேரம், செய்த பீஸ் எண்ணிக்கை எல்லாம் இருக்கும். எத்தனையோ வருடமாக அந்த எண்கள் அங்கே ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன, ஒருவரும் திறந்து பார்த்ததில்லை. ஷிப்ட் ஆரம்பத்தில் ஒரு தரமும் முடிவில் ஒரு தரமும் குறித்துக்கொண்டு கழித்தால் போதும். சில வாரம் குறித்த பிறகு கிடைத்தது இது: பவர் ஆன் ஆகியிருந்த 100 மணி நேரத்தில் புரோகிராம் ஓடியது 47, வெட்டியது 31. அந்த 47க்கும் 31க்கும் நடுவில் இருப்பது டூல் மாறுவது, வேகமாக நகர்வது போன்றவை. அந்த 47ல் ட்ரயல் ஓட்டமும், ரிஜெக்ட் ஆன பீஸ்களும் சேர்ந்திருக்கும். மீதி 53 மணி நேரம் மெஷின் விளக்கு எரிய சும்மா நின்றிருக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. வெட்டும் நேரம் அதிகமாக இருந்தால் நல்லது என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆபரேட்டர், டூல் நகரும் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபீட் ஓவர்ரைடு திருகை 60 சதவீதத்துக்குக் குறைத்து வைத்து ஓட்டினால் அதே பீஸுக்கு வெட்டும் நேரம் கூடும், சதவீதம் அழகாக ஏறும், பீஸ் குறையும். ஆகவே நேரத்தோடு பீஸ் எண்ணிக்கையையும் சேர்த்தே குறியுங்கள்.

அந்த 53ஐப் பார்த்ததும் எனக்கு வந்தது கோபம். நகையை அடகு வைத்துச் சம்பளம் கொடுக்கிறேன், இவர்கள் உட்கார்ந்துகொண்டு ஏழரை மணி நேரம் என்று எழுதுகிறார்களா என்று. ஜாப் மாற்றி மெஷினைத் தயார் செய்யும் செட்டரிடம் தாளை நீட்டினேன். அவர் என் வீட்டுக்காரருக்கும் மூத்தவர், கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மணி, மெஷின் நின்னுச்சுங்க, நான் நிக்கலீங்க. நாளைக்கு என் பின்னாடியே ஒரு ஷிப்ட் வாங்க, பார்க்கலாம்" என்றார். போனேன். ஜாப் மாற்ற வேண்டும் என்றால் பீஸைப் பிடித்து நிறுத்தும் முந்தைய ஃபிக்சரைக் கழற்றுகிறார், புதியதைத் தேடுகிறார், அது ரேக்கில் அடியில் கிடக்கிறது. டூல் நுனியில் மாட்டும் இன்செர்ட் வேண்டும், பீரோ பூட்டியிருக்கிறது, சாவி ஆபீஸில், அதாவது என்னிடம். முதல் பீஸை வெட்டி இன்ஸ்பெக்ஷனுக்குக் கொண்டு போகிறார், அங்கே லேத் பீஸ்கள் வரிசையில் இருக்கின்றன. துளையை அளக்கும் போர் கேஜ், அளவு சரிபார்க்கும் காலிபரேஷனுக்குப் போயிருக்கிறது. அந்த ஷிப்டில் அவர் உட்கார்ந்ததை நான் பார்க்கவில்லை. விஎம்சியோ பெரும்பாலும் நின்றுகொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு யார் மேலும் கோபப்படத் தோன்றவில்லை, மலைப்பாகத்தான் இருந்தது.

நிற்கும் நேரத்துக்குக் காரணம் எழுத மெஷின் பக்கத்தில் ஒரு தாள் தொங்கவிட்டோம். முதலில் தெரிந்தவர் ஒருவர் கொடுத்த படிவத்தில் இருபதுக்கும் மேல் காரணங்கள் இருந்தன. ஆபரேட்டர்கள் எல்லாவற்றையும் 'மற்றவை' என்ற கட்டத்தில் போட்டார்கள், நியாயம்தானே, கையில் கூலண்ட் வழிய யார் இருபது கட்டம் தேடுவார்கள்? செட்டிங், முதல் பீஸ் ஓகேவுக்குக் காத்திருப்பு, டூல் அல்லது கேஜ் இல்லை, மெட்டீரியல் இல்லை, ரிப்பேர் என்று ஐந்தாகச் சுருக்கினோம். இந்தத் தாளை வைத்து யாருக்கும் சம்பளம் பிடிக்க மாட்டேன் என்று எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னேன். அதைச் சொல்லாமல் எடுக்கும் கணக்குக்கு மதிப்பே இல்லை. ஏழரை மணி நேரம் என்று எழுதியதே திட்டுக்குப் பயந்துதான்.

தாள்கள் சேர்ந்ததும் பார்த்தால், ரிப்பேர் மிகக் கொஞ்சம். இது எனக்கு மட்டுமில்லை, படுக்கையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரருக்கும் ஆச்சரியம். டூலைச் சுழற்றும் ஸ்பிண்டில் ரிப்பேர் ஆகி நான்கு நாள் நின்றால் வருடம் முழுக்க அதையே பேசிக்கொண்டிருக்கிறோம். தினமும் கேஜுக்காக இருபது நிமிடம் நிற்பது யாருக்கும் நினைவில் தங்குவதில்லை. நின்ற நேரத்தில் பாதிக்கு மேல் செட்டிங். அதற்கு அடுத்தது முதல் பீஸ் ஓகே. சாவிக்காக நின்றதும் கணிசமாக இருந்தது. சாவியை அன்றைக்கே செட்டரிடம் கொடுத்துவிட்டேன். பதினைந்து ஆயிரம் ரூபாய் இன்செர்ட் திருட்டுப் போகுமோ என்று பூட்டி வைத்திருந்தோம், மணிக்கு 450 ரூபாய் சம்பாதிக்கும் மெஷினை அதற்காக நிறுத்திக்கொண்டிருந்தோம்.

அடுத்து வந்ததுதான் இந்தக் கதையிலேயே மோசமான கட்டம், யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று நான் இன்றைக்கும் நினைப்பது. ஒரு ஆலோசகர் வந்தார். ஓஇஇ என்ற கணக்கை அறிமுகப்படுத்தினார். ஜப்பானில் செய்ச்சி நகஜிமா பிரபலப்படுத்திய முறை: மெஷின் கிடைத்த நேரம், ஓடிய வேகம், தேறிய பீஸ், இந்த மூன்று விகிதத்தையும் பெருக்குவது. 90, 95, 99 என்று வைத்துப் பெருக்கினால் 85 சதவீதம் வரும், உலகத் தரம் என்று எல்லோரும் சொல்லும் 85 அப்படி வந்ததுதான். கணக்கு நல்ல கணக்கு. ஆனால் அவர் சொன்னபடி ஒவ்வொரு மெஷினுக்கும் போர்டு மாட்டி, சதவீதம் எழுதி, ஏறினால் ஊக்கத்தொகை என்று வைத்தோம். மூன்றே வாரத்தில் லேத் இரண்டும் எண்பதைத் தாண்டிவிட்டன. எப்படி என்றால், செட்டிங் மாற்றினால் சதவீதம் குறையும் என்பதால் ஆபரேட்டர்கள் ஒரே ஜாப்பைப் பெரிய லாட்டாக ஓட்டித் தள்ளினார்கள். 200 பீஸ் கேட்டால் 600 பீஸ் லேத்தில் டர்னிங் முடிந்து நின்றது. அவசரமான ஜாப் அதற்குப் பின்னால் காத்துக் கிடந்தது.

எங்கள் வால்வு பாடி எல்லாமே லேத் முடிந்து விஎம்சிக்குத்தான் போக வேண்டும். லேத் இரண்டு, விஎம்சி ஒன்று. லேத் வேகமாக ஓட ஓட விஎம்சிக்கு முன்னால் டிரே டிரேயாகக் குவிந்தது. நடக்க வழியில்லை. வார்ப்புக்குக் கொடுத்த பணம் எல்லாம் தரையில் கிடந்தது, பேங்க் ஓவர்டிராஃப்ட் லிமிட் முழுவதும் தீர்ந்துபோயிற்று. போர்டில் எண்கள் ஏறிக்கொண்டே போயின, டெலிவரி முன்னைவிட மோசமானது. எனக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது, ஜான் லிட்டில் என்பவர் 1961ல் நிரூபித்தது: உள்ளே கிடப்பதை, ஒரு நாளைக்கு வெளியே போவதால் வகுத்தால், ஒரு பீஸ் உள்ளே சராசரியாக எத்தனை நாள் இருக்கும் என்று வந்துவிடும். நாளைக்கு 100 பீஸ் வெளியே போகும் பட்டறையில் 1,000 பீஸ் கிடந்தால் பத்து நாள், 3,000 கிடந்தால் முப்பது நாள். வெளியே போகும் எண்ணிக்கையை விஎம்சிதான் தீர்மானிக்கிறது, லேத்தை எவ்வளவு விரட்டினாலும் அது மாறாது. நாங்கள் செய்தது பத்தை முப்பதாக்கியது மட்டும்தான்.

போர்டுகளைக் கழற்றினோம். ஊக்கத்தொகையை நிறுத்தினால் ஆட்கள் முகம் சுளிப்பார்கள் என்பதால், அதே தொகையை மொத்தப் பட்டறையின் நேர டெலிவரிக்கு என்று மாற்றினேன். விஎம்சிக்கு முன்னால் இரண்டு நாள் வேலை இருந்தால் போதும், அதற்கு மேல் லேத்தை ஓட்ட வேண்டாம் என்று சொன்னேன். லேத் ஆள் சும்மா நிற்பதைப் பார்த்துக் கொழுந்தனாருக்குத் தாங்கவில்லை. "அண்ணி, ஆளைச் சும்மா வெச்சுச் சம்பளம் கொடுக்கறீங்களா?" என்றார். சும்மா நிற்கும் அந்த ஆளைத்தான் விஎம்சிக்கு ஃபிக்சர் எடுத்து வைக்கவும், சாப்பாட்டு நேரத்தில் விஎம்சியை நிறுத்தாமல் ஓட்டவும் பழக்கினோம். லேத்தில் மிச்சமான ஒரு மணி நேரத்தால் எங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. விஎம்சியில் மிச்சமான ஒரு மணி நேரம் என்பது அந்த நேரத்துக்கான மொத்தப் பட்டறையின் விற்பனை. உங்கள் இடத்தில் எது அந்த மெஷின் என்று கண்டுபிடிக்க வழி எளிது: எதன் முன்னால் எப்போதும் வரிசை இருக்கிறதோ அதுதான்.

செட்டிங்கைக் குறைத்த கதைக்கு வருகிறேன். ஷிகேயோ ஷிங்கோ என்ற ஜப்பானியப் பொறியாளர் 1969ல் டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் டை (தகட்டை அழுத்தி வடிவமைக்கும் அச்சு) மாற்றும் நேரத்தை நான்கு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணிக்கும், பிறகு மூன்று நிமிடத்துக்கும் கொண்டு வந்தவர். அவர் சொன்னதில் முதல் படி, மெஷின் நின்றால்தான் செய்ய முடிகிற வேலை எது, ஓடும்போதே செய்துவைக்கக் கூடியது எது என்று பிரிப்பது. தோசைக்கல் காய்ந்த பிறகு யாரும் வெங்காயம் நறுக்க உட்கார மாட்டோம், பட்டறையில் அதைத்தான் தினமும் செய்துகொண்டிருந்தோம். செட்டர் செய்வதை முழுதாக போனில் வீடியோ எடுத்து, அவரையும் உட்காரவைத்துப் பார்த்தோம். தன்னுடைய நடையைப் பார்த்து அவரே சிரித்துவிட்டார். விஎம்சி டேபிளில் ஒரு பேஸ் பிளேட் போட்டு, இடம் நகராமல் பிடிக்கும் டவல் பின்னில் ஃபிக்சர் உட்காரும்படி மாற்றினோம், டயல் வைத்து நேர் பார்க்கும் வேலை போயிற்று. கூடுதலாக டூல் ஹோல்டர்கள் வாங்கி அடுத்த ஜாப்பின் டூல்களை முந்தியே கட்டி, நீளத்தை வெளியே அளந்து எழுதிவைத்தோம். அடுத்த ஜாப்பின் டிராயிங், கேஜ், இன்செர்ட், எல்லாம் ஒரு டிராலியில் முன்கூட்டியே வந்து நிற்கும். விஎம்சி முதல் பீஸ் வந்தால் இன்ஸ்பெக்டர் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட வேண்டும். செலவு எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குள். மூன்று மணி நேரம் ஆன செட்டிங் இப்போது ஒரு மணிக்குள் முடிகிறது. அதே கண்ட்ரோலர் திரையில் 47 என்று இருந்தது 68 ஆனது.

68தானா, 90க்குக் கொண்டு போகக் கூடாதா என்று கேட்பவர்களுக்கு: எங்களைப் போன்ற ஜாப் ஒர்க் பட்டறையில் ஆர்டர் எப்போது வரும், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று நம் கையில் இல்லை. அப்படித் தாறுமாறாக வரும் இடத்தில் வரிசை எப்படி வளரும் என்பதற்கு டெலிபோன் இணைப்புகளை வைத்து டென்மார்க்கின் கணிதவியலாளர் எர்லாங் 1909லேயே ஆராய்ச்சியைத் தொடங்கிவிட்டார். அந்த வழியில் வந்த எளிமையான சூத்திரப்படி, மெஷினின் நேரத்தில் பாதிக்கு வேலை இருந்தால் ஒரு ஜாப் காத்திருக்கும் நேரம் சராசரியாக அதன் வேலை நேரத்துக்குச் சமம். 80 சதவீதம் நிரப்பினால் நான்கு மடங்கு. 90க்கு ஒன்பது மடங்கு, 95க்குப் பத்தொன்பது. எங்கள் பட்டறை அப்படியே அந்தச் சூத்திரத்தில் அடங்காதுதான், ஆனால் திரும்பும் திசை அதுவே. ஒரே பீஸை வருடம் முழுக்க ஓட்டுகிறவர்கள் 85ஐத் துரத்தலாம். நான் விஎம்சியில் வேண்டுமென்றே இடம் விட்டு வைத்துத்தான் ஆர்டர் ஒப்புக்கொள்கிறேன், அவசர ஜாப் அந்த இடத்தில் நுழைகிறது, அதற்கு ரேட்டும் கொஞ்சம் கூட்டிக் கேட்க முடிகிறது.

கம்ப்ரஸர் பற்றிச் சுருக்கமாக. ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நிற்கும்போது கம்ப்ரஸரை மட்டும் போட்டு, எவ்வளவு நேரம் லோடில் (காற்றை அழுத்தி) ஓடுகிறது, எவ்வளவு நேரம் அன்லோடில் (அழுத்தாமல்) இருக்கிறது என்று மொபைலில் நேரம் பாருங்கள். லோடு நேரத்தை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவது கசிவு. எங்களுக்கு மூன்றில் ஒரு பங்கு காற்றுக் கசிவாகவே போய்க்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவைக் கண்டுபிடித்து ஹோஸும் கப்ளிங்கும் மாற்றியதில் கரண்ட் பில் அடுத்த மாதமே இறங்கியது.

இந்தக் காலம் முழுக்கப் போன பணத்தைக் கூட்டினால் டெபிட் நோட், வெளியே கொடுத்த ஜாப்பில் நஷ்டம், ஆலோசகர் கட்டணம், அடகு வட்டி எல்லாம் சேர்ந்து நான்கரை லட்சத்துக்கு மேல். கஸ்டமர் ஒருவர் போயே போய்விட்டார், திரும்பி வரவில்லை. வளையல் மீண்டுவிட்டது. கொட்டேஷன் ஃபைலில் இருக்கிறது. வேலை கூடினால் ஒருநாள் அந்த மெஷினை வாங்கத்தான் செய்வோம், ஆனால் அப்போது எந்த மெஷின் என்று தெரிந்து வாங்குவோம். ஏனென்றால் வரிசை இப்போது விஎம்சி முன்னால் இல்லை, பின்னால் டிபர்ரிங் மேசைக்கு நகர்ந்துவிட்டது. அங்கே டைமர் கிடையாது, கண்ட்ரோலர் கிடையாது, இரண்டு பெண்கள் கையால் ஃபைல் போடுகிறார்கள். அவர்களைக் கேட்டால், "அக்கா, டிரில் போட்ட ஓட்டைக்குச் சாம்ஃபர் மெஷின்லயே அடிச்சுட்டா எங்க வேலை பாதியாயிரும்" என்கிறார்கள். ஓட்டையின் ஓரத்தைச் சரிவாகச் சீவும் அந்தச் சாம்ஃபருக்கு விஎம்சியில் பீஸுக்கு நாற்பது விநாடி கூடும். 68ல் அந்த நாற்பது விநாடிக்கு இடம் இருக்கிறது. இந்த வாரம் ஒரு லாட் அப்படி ஓட்டிப் பார்க்கிறோம்.